பொருளாதார வகுப்பில் அம்பேத்கர் எங்கே?

அண்ணல் அம்பேத்கர் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதார ஆசிரியராக வேலை பார்த்தது ஏறத்தாழப் பதினாறு மாதங்கள். 1918 நவம்பரில் பம்பாயில் அந்த வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். 1920 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு, பாதியில் நின்ற படிப்பை முடிக்க லண்டனுக்குப் போனார். அந்தப் பதினாறு மாதங்களைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்படுவது ஒரே ஒரு செய்திதான். ஆசிரியர்களுக்கென வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள்.

சொல்ல வேண்டிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பானையைத் தாண்டி வகுப்பறைக்குள் நாம் போவதே இல்லை. உள்ளே அவர் என்ன பாடம் நடத்தினார், அந்த ஆண்டுகளில் எதை ஆராய்ந்துகொண்டிருந்தார், யாரோடு வாதாடினார் என்று நம் தோழர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவருடைய பாடத்தைக் கேட்கப் பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள் என்று தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. தீண்டப்படாதவராக அவர் பட்ட அவமானத்தை நினைவில் வைத்துக்கொண்டோம். அவர் நடத்திய பாடத்தை மறந்துவிட்டோம்.

நான் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். ஊர் நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் பக்கம். டெல்டாவில் விவசாயக் கூலிக் குடும்பங்களின் கடன்தான் என் ஆய்வுப் பொருள். பகுதிநேர ஆய்வாளர் என்பதால் சோறு போடுவது கௌரவ விரிவுரையாளர் வேலை. இளங்கலை, முதுகலை, ஆய்வியல் நிறைஞர் என்று ஆறு வருடம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அம்பேத்கர் ஒரு பொருளாதார அறிஞர் என்று எந்த ஆசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தியப் பொருளாதாரச் சிந்தனை என்றால் தாதாபாய் நௌரோஜி, ரானடே, கோகலே, காந்தி. அம்பேத்கர் பெயர் சில பாடத்திட்டங்களில் ஒரு அலகின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்தாலும் வரும். ஏப்ரல் 14 அன்று துறை வாசலில் படம் வைத்து மாலை போட்டு சமத்துவ நாள் உறுதிமொழி எடுப்பார்கள். மறுநாள் படம் அலமாரிக்குப் போய்விடும்.

நம் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. ரிசர்வ் வங்கியை உருவாக்கியவர் அம்பேத்கர் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடா வருடம் சுற்றுகிறது. அது மிகை. ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அவருடைய வாதத்தின் மையம் நாணய முறை. மைய வங்கி வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை, அதற்கான சட்டம் வந்தது 1934இல். உள்ளதைச் சொன்னாலே போதுமான பெருமை அவருக்கு உண்டு. மிகைப்படுத்தும்போது படிக்காமலே பெருமைப்படுகிற பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது, அதுதான் எனக்குக் கவலை.

உள்ளது இது. 1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து இளங்கலை. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1915இல் முதுகலை. அங்கே அவருக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் எட்வின் செலிக்மன், பொது நிதித்துறையில் அன்று உலகப் பெயர். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளி. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, ஆய்வு பாதியில் நின்றது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து முடிக்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போரில் அந்தக் கப்பலோடு மூழ்கிப்போயின.

அடுத்து பரோடா. மன்னரின் செலவில் வெளிநாட்டில் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய்க்கு வந்து தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய தொழில் தொடங்கினார். ஆள் யார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சிடன்ஹாம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன். இவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன். 1921இல் எம்.எஸ்ஸி. ரூபாயின் சிக்கலைப் பற்றிய டி.எஸ்ஸி ஆய்வேட்டை முதலில் ஏற்காமல் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் பட்டம் வாங்கினார். நூலாக வந்தபோது அவருடைய நெறியாளர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார், நூலின் வாதங்கள் பலவற்றோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று சொல்லிக்கொண்டே. மாணவன் தன்னை மறுத்து எழுதியதற்கு ஆசிரியர் முன்னுரை எழுதுகிற பண்பை நான் எந்தத் துறையிலும் நேரில் பார்த்ததில்லை. கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927இல்தான் முறைப்படி கைக்கு வந்தது. மாகாண நிதி பற்றிய அந்த ஆய்வு நூலுக்கு முன்னுரை செலிக்மன்.

1913இல் தொடங்கிய ஆய்வுப் படிப்பு முழுமையாக முடிய 1927 ஆனது. நடுவில் இழுத்த ஆண்டுகளின் பெரும்பகுதிக்குக் காரணம் பணம், சாதி இரண்டும். இந்தக் கணக்கை என்னைப் போன்ற முதல் தலைமுறை ஆய்வாளர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 1918க்கு வருகிறேன். சிடன்ஹாமில் சேர்ந்த அதே ஆண்டில் இந்தியப் பொருளாதாரச் சங்கத்தின் இதழில் அம்பேத்கர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் சிறு நில உடைமைகளும் அவற்றுக்கான தீர்வும் என்பது பொருள். பாகப் பிரிவினையில் நிலம் துண்டு துண்டாகிறது, அதனால்தான் விவசாயம் நலிகிறது, துண்டுகளை ஒன்றாக்கினால் சரியாகிவிடும் என்று அன்றைய நிபுணர்களும் பரோடா, பம்பாய் அரசுகளும் பேசிக்கொண்டிருந்தன. 27 வயது இளைஞர் குறுக்கே வந்து, நீங்கள் கேட்கிற கேள்வியே தவறு என்றார்.

அவர் வாதம் எளிது. ஒரு நிலம் சிறியதா பெரியதா என்பதை அளவை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் போடுவதும் தவறு, அது நுகர்வைப் பற்றிய கேள்வி. உற்பத்தியைப் பார்க்க வேண்டும். நிலம், உழைப்பு, மூலதனம் மூன்றும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். மாடும் கருவியும் இல்லாதவனிடம் பத்து ஏக்கரைக் கொடுத்தாலும் அது அவனுக்குப் பெரிய நிலம்தான். இந்தியாவின் நோய் துண்டு நிலம் அல்ல. நிலத்தை நம்பி அளவுக்கு மீறிய மக்கள் உட்கார்ந்திருப்பது. அவர்களில் பெரும்பகுதி உழைப்பு சும்மா கிடக்கிறது, சும்மா கிடந்தாலும் சாப்பிட வேண்டும், அதனால் மூலதனம் சேர்வதில்லை. தொழில்மயமாகி அந்த உழைப்பு நிலத்தைவிட்டு வெளியே போனால்தான் விவசாயமும் பிழைக்கும்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். மிகை உழைப்பு, மறைமுக வேலையின்மை என்று முதலாம் ஆண்டிலேயே ஆர்தர் லூயிஸ் பெயரில் மனப்பாடம் செய்கிறோமே, அதன் கரு இதுதான். லூயிஸ் கட்டுரை வந்தது 1954இல். அம்பேத்கர் எழுதி 36 ஆண்டுகள் கழித்து. லூயிஸைக் குறைத்துச் சொல்லவில்லை. செயின்ட் லூசியா தீவிலிருந்து வந்த கறுப்பின மாணவர் அவர். அம்பேத்கர் படித்த அதே லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1938இல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர், பின்னால் 1979இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கட்டியது முழுமையான ஒரு கோட்பாடு. அம்பேத்கர் எழுதியது ஒரு கட்டுரை. இரண்டும் ஒன்று என்று நான் வாதாட மாட்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நடத்தலாமே என்றுதான் கேட்கிறேன். ஒடுக்கப்பட்ட இரண்டு சமூகங்களிலிருந்து வந்த இரண்டு பேர், ஒரே சிக்கலை எப்படிப் பார்த்தார்கள் என்று என் மாணவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நான் அப்படித்தான் நடத்துகிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். நடத்தும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 1918 கட்டுரையில் சாதி இல்லை. நிலம் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று அளக்கிறார். நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது என்று அதில் அவர் போகவில்லை. பரோடாவில் அறை கிடைக்காமல் திரும்பி வந்த மறுவருடம் எழுதியவர், பொருளாதார இதழுக்கு எழுதும்போது அந்தத் துறையின் மொழியில் மட்டுமே எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் 1916இலேயே கொலம்பியாவின் மானிடவியல் கருத்தரங்கில் சாதியின் இயக்கத்தைப் பற்றி ஆய்வுரை படித்தவர். சாதிக்கு மானிடவியல், நிலத்துக்குப் பொருளாதாரம் என்று அந்தக் காலப் பல்கலைக்கழகம் போட்ட வரப்பு அது. அந்த வரப்பை உடைத்தவரும் அவர்தான். சாதி வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்குவது என்று 1936இல் சொன்னார். 1937இல் கொங்கண் பகுதியின் கோத்தி நிலமுறையை ஒழிக்கப் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947இல் அரசமைப்பு அவைக்கு எழுதிய திட்டத்தில், நிலம் முழுவதும் அரசுடைமை ஆகட்டும், சாதி பாராமல் கிராம மக்களுக்குக் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்கட்டும், மிராசுதாரும் வேண்டாம், குத்தகைக்காரரும் வேண்டாம், நிலமற்ற கூலியும் வேண்டாம் என்றார். 1918இலிருந்து 1947 வரை ஒரு பொருளாதார மாணவர் நடந்த தூரம் அது.

இதைத் தஞ்சை டெல்டாவின் வகுப்பறையில் வைத்துப் படிக்கும்போது வேறொரு பொருள் வருகிறது. ஒரு வகுப்பைச் சொல்கிறேன். உழைப்பின் அளிப்புக் கோடு நடத்திக்கொண்டிருந்தேன். கூலி ஏறினால் வேலைக்கு வருகிறவர்கள் கூடுவார்கள், கூலி போதாது என்று நினைத்தால் தொழிலாளி ஓய்வைத் தேர்ந்தெடுப்பார் என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், கூலி பிடிக்கலன்னா வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கலாம்னு போட்டிருக்கு. எங்க அப்பாயி காலத்துல அப்படி இருந்தா, அன்னிக்கே வீட்டைப் பிரிச்சுப் போட்டுடுவாங்களாமே?"

அவள் அப்பாயி சொன்னது சரி. கீழத்தஞ்சையில் பண்ணையாளின் குடிசை இருந்த மனைக்கட்டு மிராசுதாருடையது. கூலியை முடிவு செய்கிறவனும் குடியிருப்புக்குச் சொந்தக்காரனும் ஒரே ஆள். கூலி போதாது என்று வேலைக்குப் போகாதவர் போய் ஓய்வெடுக்க வீடு கிடையாது. குடியிருப்பில் இருக்கிறவருக்கே மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். வெண்மணி எரிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. வீட்டுமனை ஒன்று கைக்கு வந்ததும் கூலிப் பேச்சுவார்த்தையில் ஒருவருடைய பலம் எப்படி மாறும் என்று அன்று வகுப்பில் படம் போட்டோம். பாடநூலில் அந்தப் படம் இல்லை. ஆனால் அது சுத்தமான பொருளாதாரம்.

வெண்மணியையும் அதே வகுப்பில்தான் நடத்துகிறேன். வரலாற்று வகுப்புக்கென்று ஒதுக்கிவைப்பதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு எரித்துக் கொல்லப்பட்ட 44 பேர் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக் கூலியாக இன்னும் அரைப்படி நெல் என்பது கோரிக்கை. மறுபக்கம் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து ஒன்றாக நின்றார்கள், வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். வேலை கொடுக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளாக மாறிவிட்ட சந்தையில் கூலி எப்படி முடிவாகும் என்று பாடநூல் அமெரிக்கச் சுரங்க நகரத்தை உதாரணம் காட்டும். அந்த உதாரணத்தைத் தேடி எங்கள் மாணவர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை, கீழ்வேளூர் பேருந்தில் ஏறினால் போதும்.

1973இல் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியை விடுதலை செய்தபோது சொன்ன காரணமும் பொருளாதார மாணவருக்கு ஒரு பாடம். இவ்வளவு நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று நீதிமன்றம் கருதியது. நிலத்தின் அளவு அங்கே நன்னடத்தைச் சான்றிதழாக மாறியது. நிலம் வெறும் உற்பத்திக் காரணி என்று பாடநூலில் எழுதியவர்களுக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்குப் பொருளாதாரப் படிப்போடு இன்னொரு பழைய தொடர்பு உண்டு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கென முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது, கிராமங்களுக்குப் போய் வினாநிரலோடு கேட்டு எழுதி வாருங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாக வந்தன. ஆமாம், அதே 1918. அதில் தஞ்சாவூர் ஜில்லாவுக்காக இருந்த ஊர் பாலக்குறிச்சி, இன்று நாகை மாவட்டத்தில் இருக்கிறது. 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் தலைமை தாங்கிய மறு ஆய்வு, 1983இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன், 2019இல் வேளாண் ஆய்வு அறக்கட்டளை என்று நூறு ஆண்டுகளாக அந்த ஊரைத் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். 2019இல் வெண்மணியையும் சேர்த்து ஆய்ந்து நூலாக்கினார்கள். இந்தியாவில் இப்படி நூற்றாண்டு கணக்கு உள்ள ஊர்கள் மிகக் குறைவு. இந்த ஆய்வுகள் இல்லாமல் என் ஆய்வேடு இல்லை. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. 1916 வாக்கில் சென்னையில் கல்லூரி மாணவனாகப் பொருளாதாரம் படிக்க யாரால் முடிந்திருக்கும்? அன்றைய பாலக்குறிச்சியின் பண்ணையாள் அந்த ஆய்வில் எண்ணப்பட்டார், அவருடைய கூலியும் எழுதப்பட்டது. கேட்கிறவரின் வினாநிரலில் இல்லாத ஒன்றைச் சொல்ல அவருக்கு இடம் இருந்ததா? என் களப்பணியில் முதல் வாரம் எங்கள் தெரு அத்தை ஒருவர் கேட்டார்: "ஏன்டி, எங்க வூட்டுக் கடனை எழுதிக்கிட்டுப் போயி நீ என்னா பண்ணப் போற? ஒனக்குத் தெரியாததா?" எனக்குத் தெரிந்தது உண்மைதான். மகளிர் குழுக் கடன் எந்தக் கிழமை, நுண்கடன் நிறுவனத்து ஆள் எந்தக் கிழமை வருவார், அன்றைக்கு யார் வீட்டில் வெளிக்கதவு சாத்தியிருக்கும், ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்குவதை எந்தப் பெயரில் சொல்வார்கள் என்று தெரியும். மாதிரி வினாநிரலில் 'கடனின் நோக்கம்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. நான் அதை மூன்றாகப் பிரித்தேன்: வாங்கும்போது சொன்ன நோக்கம், செலவான நோக்கம், அடைக்க வாங்கிய அடுத்த கடன். நெறியாளர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். என் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அந்த மூன்று கட்டத்திலிருந்து வந்ததுதான்.

சேரியில் பிறந்தாலே நல்ல ஆய்வாளர் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. புள்ளியியல் தெரிய வேண்டும், கடுமையாகப் படிக்க வேண்டும், அம்பேத்கரை முன்னால் வைத்துக்கொண்டு இதில் சலுகை கேட்க முடியாது. ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். அளிப்புக் கோட்டைப் பார்த்ததும் வீட்டைப் பிரித்துப் போடுவார்களே என்று கேட்க அந்த மாணவியால் முடிந்தது, அவள் அப்பாயியால்.

அவள் முனைவர் பட்டம் வரை வருவாளா என்பதுதான் இப்போதைய கேள்வி. அதைப் பணமும் வேலையும்தான் முடிவு செய்யும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது, அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம். முனைவர் பட்ட ஆய்வுக்கென ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை வந்தது 2005–06இல். இவை இல்லாமல் நம்மில் பலர் இங்கே இல்லை. ஆனால் உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்பதை ஐதராபாத்தில் ரோகித் வெமுலா விஷயத்தில் பார்த்தோம். மாதக்கணக்கில் வராத தொகையை வாங்கி வீட்டில் கொடுங்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுத வேண்டியிருந்தது. அதற்கு 99 ஆண்டுகள் முன்னால் அம்பேத்கரும் உதவித்தொகை முடிந்துதான் லண்டனை விட்டுக் கப்பல் ஏறினார். அவருக்கு ஒரு சாகு மகராஜ் இருந்தார்.

அடுத்தது வேலை. ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எடுக்கக் கூடாது, துறை வாரியாகக் கணக்கிட வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அப்படியே சுற்றறிக்கை விட்டது. பதின்மூன்று புள்ளிச் சுழற்சியில் பட்டியல் சாதிக்கு வருவது ஏழாவது இடம். ஐந்து ஆசிரியர் உள்ள பொருளாதாரத் துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? நாடு முழுவதும் போராடித்தான் 2019இல் அதை மாற்றச் சட்டம் வந்தது. கணக்குப் போடும் முறையை மட்டும் மாற்றி ஒரு தலைமுறையையே வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல புள்ளியியல் பாடம் கிடையாது. அதையும் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன்.

மாநிலக் கல்லூரிகளில் வேறு கதை. நிரந்தரப் பணியிடம் நிரம்புவதில்லை, கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுகிறார்கள். கௌரவம் பெயரில் இருக்கிறது. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் வரம்பு சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நீண்ட காலம் அதில் பாதிகூட வரவில்லை. மே மாதம் சம்பளம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பெயர் பட்டியலில் இருக்குமா என்று பார்க்க வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பட்டியல் சாதி மாணவர் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டு என் பெயர் பட்டியலில் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. வேலை நிரந்தரம் இல்லாத ஆசிரியர் வகுப்பில் எதைப் பேசலாம், எதைப் பேசாமல் விடலாம் என்று தானாகவே அளந்துகொள்ளப் பழகிவிடுவார். மனைக்கட்டு அடுத்தவனுடையதாக இருந்தபோது கூலியைப் பற்றிப் பேச முடியாமல் போனது மாதிரிதான் இதுவும்.

அதனால் என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. இளங்கலைப் பொருளாதாரத்தில் லூயிஸுக்கு முந்தைய வாரம் அம்பேத்கரின் 1918 கட்டுரையை வையுங்கள். மொத்தமாகப் படித்தால் இரண்டு வகுப்பு ஆகும். அதோடு 1947 திட்டத்தையும் சேருங்கள். அவற்றை நல்ல தமிழில், துறைச் சொற்களோடு, மாணவர் படிக்கிற மாதிரிப் பதிப்பியுங்கள். ரூபாய் பற்றிய நூலுக்கு ஓர் எளிய அறிமுகம் வேண்டும். பணத்தின் மதிப்பு சரியும்போது ஏற்றுமதிக்காரர் காணும் லாபம் கூலிக்காரரின் சட்டைப்பையிலிருந்து போவது என்று அதில் அவர் வாதிடுகிற பகுதி, நெல் கூலியும் ரூபாய்க் கூலியும் பார்த்த எங்கள் ஊருக்கு அப்படியே புரியும். வாசிப்பு வட்டம் நடத்துகிற தோழர்கள் அடுத்த மாதம் இதை எடுக்கலாம், பல்கலைக்கழகம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வு உதவித்தொகையை மாதா மாதம் கொடுங்கள். காலியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள்.

இந்தப் பருவத்தில் என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர் ஒரு சின்ன வேலை செய்கிறார்கள். அவரவர் தெருவில் வீட்டுமனைப் பட்டா எந்த ஆண்டு வந்தது, யார் பெயரில் வந்தது, பட்டா வருவதற்கு முன்னும் பின்னும் நடவுக் கூலி என்ன என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுகிறார்கள். வினாநிரலை அவர்களே தயாரித்தார்கள். எட்டாவது கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டா வந்த அன்று முதலில் என்ன செய்தீர்கள் என்று போட்டிருந்தார்கள். வந்திருக்கும் பதில்களில் அதிகம் பேர் சொன்னது, முற்றத்தில் ஒரு தென்னங்கன்று வைத்தோம் என்பது. அதுவரை மரம் வைத்தால் அது மிராசுதாருக்கு.